தினம் ஒரு வரி

அடியே ஆமை,

படித்துவிட்டுச் சிரிக்காதே. சரி, சிரி. இந்தக் கடிதத்தோடு இருபத்திரண்டு நாளாக மல்லுக்கட்டுகிறேன். "ஊருக்கெல்லாம் டைம்டேபிள் போடுறியே, உனக்கும் ஒண்ணு போட்டுக்க. தினம் ஒரு வரி எழுதினா போதும்" என்றார் என் வீட்டுக்காரர். போட்டேன். எழுதிய நாளுக்கெல்லாம் காலண்டரில் ஒரு டிக்.

முதல் நாள் "நலமா?" என்று எழுதினேன். மறுநாள் அதை அடித்தேன். அதற்கும் ஒரு டிக்!

தையல் கடை நன்றாகப் போகிறது. காலையில் வந்ததும் முதல் வேலை, உன் மெஷினுக்கு ஒரு சொட்டு எண்ணெய். நீ கோபித்துக்கொண்டு போன மறுநாள் தொடங்கிய பழக்கம். இது மட்டும் எந்த டைம்டேபிளிலும் இல்லை. அந்த மெஷினில் நான் உனக்காக ஒட்டிய டைம்டேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டேன். "டீக்கு ஏழு நிமிடம்" என்ற வரி மட்டும் வரமாட்டேன் என்கிறது. என்ன பசை வாங்கித் தொலைத்தேனோ!

நேற்று நம் டீச்சர் ரவிக்கை தைக்க வந்தார். "அந்தப் பொண்ணு லேட்டா வந்தாலும் சிரிச்சுக்கிட்டே வருமே" என்றார். இப்போது இங்கே எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. சிரிக்கத்தான் ஆளில்லை.

இருபத்தோரு நாள் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, இன்று ஒரே மூச்சில் எழுதுகிறேன். டைம்டேபிள் கெட்டது. என்ன சந்தோஷம் தெரியுமா!

கடை ஒன்பதுக்குத் திறக்கும். நீ எப்போது வருகிறாயோ, அப்போதுதான் உனக்கு ஒன்பது மணி.

நீ பெயர் வைத்த,
உன் அலாரம்