மஞ்சள் நனைத்த ஏழு பனியன்

3-1-83, திங்கள்
செங்கம் பக்கத்து ஊரில் நடக்கும் பொங்கல் கபடிக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. கடைசி வரி: "ஒரே நிறப் பனியனும் முதுகில் எண்ணும் இல்லாத குழு ஆட அனுமதி இல்லை." போன வருஷம் எங்கள் கிழிசலைப் பார்த்துச் சிரித்தார்கள். இந்த வருஷம் நாங்கள் வராமலே இருக்க ஒரு வரி எழுதிவிட்டார்கள்.

அண்ணன் கோவிந்தன்தான் எங்கள் மலை டீமுக்குக் கேப்டன். நோட்டீஸை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டான். "வுட்று ரஞ்சிதம், அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்கிறான்.

ஏன் விடணும்?

5-1
ஏழு பேரிடமும் பனியன் பிடுங்கினேன். எல்லாம் ஒரு காலத்தில் வெள்ளை. கோபாலுடையது பனியனா மீன்வலையா தெரியவில்லை. எங்கள் டீமில் 'கபடி கபடி' என்று பாடிப் போகிறவன் அவன்தான். மூச்சும் பெரிசு, வாயும் பெரிசு.

வீட்டில் இருக்கிற ஒரே சாயம் மஞ்சள். "மஞ்சளா? நாங்க இன்னா பொம்பளைங்களா?" என்றான் கோபால்.

"வேற இன்னா இருக்குது? கேவுரு கூழ்ல முக்கட்டுமா?" என்றேன். அடங்கிவிட்டான்.

6-1
வேலி முழுக்க மஞ்சள். என்ன ஒரு மஞ்சள். கோழிகூட நின்று பார்த்துவிட்டுப் போகிறது.

9-1
இன்று எண். ரோடு போட வந்த காண்டிராக்டர் மூன்று வருஷம் முன்னால் போட்டுவிட்டுப் போன தார் டின் ஓடையோரம் கிடக்கிறது. ரோடு வரவேயில்லை. பக்கத்து வீட்டுச் சின்னக்குழந்தை அக்காவுக்குப் பிரசவ வலி வந்தபோது தூளி கட்டித்தான் அடிவாரம் இறக்கினோம். அந்தத் தாரை உருக்கி, குச்சியால் ஒன்று முதல் ஏழு வரை எழுதினேன். சர்க்கார் தார் மலைக்காரன் முதுகுக்காவது வந்து சேர்ந்தது.

17-1
நேற்று நடந்ததை எங்கிருந்து எழுதுவது?

அடிவாரம்வரை நடந்து, அங்கிருந்து ஒரு ஜீப்பில் பதினேழு பேர் போனோம். இறங்கியதும் அந்த ஊர் டீமின் கேப்டன் துரைக்கண்ணு வந்தான். சிவப்பு மில் பனியன், காலில் ஷூ வேறு. "யாருக்குடா மஞ்ச நீராட்டு?" என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என்னிடம், "ஏ மலைக்காரி, சீர்த்தட்டு எங்க?" என்றான்.

முதல் ஆட்டமே அவர்களோடு. கடைசி நிமிஷத்தில் சமம். கோபால் பாடிப் போனான். நாலு பேர் காலைக் கவ்விவிட்டார்கள். நாலு பேரையும் இழுத்துக்கொண்டே வந்து நடுக்கோட்டின் மேல் மார்போடு விழுந்தான். அம்பயர் விசில் ஊதினார். "கோட்டைத் தொடல. அவுட்."

அண்ணன் கத்தினான். எல்லோரும் கத்தினோம். மலைக்காரன் கத்தினால் யாருக்குக் கேட்கும்? "ஒங்க மலை சட்டம்லாம் இங்க ஆவாது" என்றார் அம்பயர்.

அப்போதுதான் கோபாலின் மார்பைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. கயிற்றைத் தாண்டிப் போய் அவன் பனியனை இழுத்துக் காட்டினேன். குறுக்கே, கோடு போட்ட மாதிரி, சிவப்புப் பட்டை.

"இது இன்னாங்க?"

"ரத்தம்" என்றார்.

"ரத்தம் இவ்ளோ நேராவா வரும்? மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்கும். ஒங்க வூட்ல ஆரத்தி கரைச்சதே இல்லீங்களா? ஒங்க நடுக்கோட்டுச் சுண்ணாம்புங்க இது."

முதலில் சிரித்தது அந்த ஊர்ப் பெண்கள்தான். ஆரத்தி கரைக்காத கை அங்கே எது? ஆண்களுக்கு அது தட்டில் தானாக வந்து நிற்கிற சிவப்பு. "செவந்துதான் இருக்குதில்ல, பாயிண்ட்ட குடுய்யா" என்று ஒரு அம்மாள் அதட்டினாள். குடுத்தார். ஜெயித்தோம்.

கடைசி ஆட்டம் வேறொரு ஊரோடு. அதில் அண்ணன், எல்லைக்கோட்டில் தான் படவே இல்லை என்று சத்தியம் செய்தான். இடுப்பெல்லாம் சிவப்பு. மொத்தக் கூட்டமும் அம்பயரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. நான் இன்னா செய்வேன்? "அவுட்" என்றேன். ஒரு பாயிண்டில் தோற்றோம்.

அடிவாரம் வரும்வரை ஜீப்பில் பாட்டுதான். அண்ணன் மட்டும் பேசவில்லை.

18-1
வெயிலில் தார் இளகி அண்ணன் முதுகிலேயே ஒட்டிவிட்டது. எத்தனை எண்ணெய் தேய்த்தாலும் ஒன்றாம் நம்பர் போகவில்லை. இன்று பேசினான். திட்டத்தான்.

6-2, ஞாயிறு
துரைக்கண்ணு வந்தான். ஜீப் பாதிவழியில் நின்றுவிட்டதாம், மீதி நடை. பையில் ஏழு பனியன். அடுத்த போட்டிக்கும் அதே அம்பயராம். போன வாரம் வேறொரு ஊர்ப் போட்டியில் இவனையே ஏமாற்றிவிட்டாராம். அதனால் இவனும் மஞ்சள் நனைத்திருக்கிறான். எல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்து கிடக்கின்றன.

"இன்னாங்க தப்பு பண்ணேன்?"

"சலவைச் சோடா போட்டுத் தொவச்சீங்களா?"

"ஆமாங்க."

"அதுவும் சுண்ணாம்பு மாதிரி செவக்க வுட்டுடும். சோடா போற வரைக்கும் அலசிட்டு அப்புறம் முக்கணும்."

"எத்தினி நேரங்க ஊறணும்?"

அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே எழுந்து போய்விட்டான். நான் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன்.

பத்து நிமிஷம் இருந்தான். ஒன்பது 'ங்க'. எண்ணினேன்.