வெளுத்த கோட்டில் நான்கு விரல்

சேலம்
21-7-1938

என் பிரியமுள்ள நாச்சிமுத்து அண்ணனுக்கு, கரீம் பாஷா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையால் இங்கே மஸ்தான் பீவியும் குழந்தை வஹீதாவும் சுகம். நானும் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். சிக்மகளூரில் மழையும் குளிரும் கடுமை என்று கேள்விப்பட்டேன். தோட்டத்து லாரியை மலையில் ஓட்டும்போது நெஞ்சில் காற்றுப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். இடக்கையால் எழுதுகிறேன். நாலு வரி எழுதினால் நிறுத்த வேண்டியிருக்கிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் தோல் கோட்டு விஷயம். உங்கள் மைத்துனன் வெள்ளியங்கிரி அனுப்பிய பார்சல் இந்நேரம் கைக்கு வந்திருக்கும். பளபளவென்று கறுப்பைப் பார்த்ததும், "பாய் கை பட்டா பட்டதுதானுங்க" என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லியிருப்பீர்கள். போட்டுப் பார்த்தீர்களா? கோட்டின் கை உங்கள் விரல் நுனியை மூடும், தோள் தொளதொளவென்று தொங்கும். ஏனென்றால் அது உங்கள் கோட்டு இல்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரையின் கோட்டு. ஆறடி இரண்டு அங்குலத்து ஆளுக்கு நான் தைத்தது. கொடியில் கறுப்பாகத் தொங்கியதை வெள்ளியங்கிரி பார்த்தான், உருவிக்கொண்டு போனான். துரை வந்து கேட்டால் நான் என்ன சொல்வது என்பது வேறு கதை.

உங்கள் கோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதை நான் கறுப்பாக்கவில்லை.

ஆனி மாதம் செங்கோட்டையனைக் கொன்று போட்டார்களே, அதற்கு நாலாம் நாள் வெள்ளியங்கிரி கோட்டைக் கொண்டுவந்தான். "மச்சான் மைசூர்ப் பக்கம் வேலைக்குப் போயிட்டாருங்க. இதைக் கறுப்பாக்கி வெக்கச் சொன்னாரு, சீக்கிரம் வேணுமாம்" என்றான். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. உங்களோடு போட்டி போட்டு பஸ் ஓட்டியவன் செத்தான், ஊரெல்லாம் போலீஸ், கொஞ்ச நாள் ஒதுங்கியிருப்பது நல்லதுதான் என்று நினைத்தேன். உங்கள் வண்டியின் கிளீனர் சடையனை அதற்குள் பிடித்துவிட்டார்களே. பிணத்தின் பக்கத்தில் கிடந்தது உங்கள் பஸ்ஸின் இரும்பு ஹேண்டில். தினமும் அதைச் சுற்றி வண்டியைக் கிளப்புகிறவன் அவன். முதல் நாள்தான் செங்கோட்டையனோடு கட்டிப் புரண்டிருக்கிறான். வேறு யாரைப் பிடிப்பார்கள்?

நானும் நம்பினேன் அண்ணா. சடையனின் அம்மா காளியாத்தாள் வக்கீல் யாரையாவது தெரியுமா என்று கேட்டு வந்தபோது, கொலைகாரனைப் பெற்றவள் என் கடைக்கு வரக்கூடாது என்று சொல்லி விரட்டினேன். அதை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பழைய சாயத்தின் மேல் புதுச் சாயம் பூசுகிறவன் நான் இல்லை. இத்தனை வருஷம் என்னிடம் கோட்டு போட்டும் அது உங்களுக்கு மறந்துவிட்டது. வேறு கடையில் கொடுத்திருந்தால் மேலாகவே கறுப்பை இழுத்துவிட்டுக் கொடுத்திருப்பான், உங்கள் காரியமும் முடிந்திருக்கும். நான் முதலில் சோடாத் தண்ணீரில் பழைய நிறத்தை வெளுத்து, தோலை வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் மறுசாயம் தொடுவேன். அப்படி வெளுத்தேன். உடம்பெல்லாம் வெளுத்தது. வலக்கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெளுக்கவில்லை. தேய்க்கத் தேய்க்கக் கறுத்தது.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைக் கறுப்பாக்க நாங்கள் இரும்புத்துண்டும் வெல்லமும் போட்டுப் புளிக்கவைத்த தண்ணீரைத்தான் தடவுவோம். இரும்பு பட்டால் அந்தத் தோல் கறுத்துவிடும். ரத்தம் பட்டு ஊறினாலும் கறுக்கும். அறுப்புக் கடைக்காரன் செருப்பைப் பார்த்தே இதைத் தெரிந்துகொள்ளலாம். நீங்கள் வேறு வெந்நீர் விட்டுக் கழுவியிருக்கிறீர்கள். கைப்பக்கம் சுருங்கியிருந்தது. ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணீர் விட வேண்டும் அண்ணா. வெந்நீர் விட்டால் வெந்து உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும்.

அதுகூடப் பரவாயில்லை. காலரைப் புரட்டினேன். அடிப்பக்கத்தில் நாலு விரல், மேல்பக்கத்தில் கட்டைவிரல். மை தொட்டு வைத்தது போல.

செங்கோட்டையன் பிணத்தை மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது நான் பார்த்தேன். முகம் என்று ஒன்று இல்லை. ஹேண்டிலால் எத்தனை அடி அடித்தால் ஒரு மண்டை அப்படி ஆகும்? ஒரு அடியில் செத்திருப்பான். மிச்சம் எல்லாம் யாருக்காக அடித்தது? அவன் வலக்கை மட்டும் எதையோ இறுக்கிப் பிடித்தபடியே விறைத்திருந்தது. எதைப் பிடித்தான் என்று காலரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை.

இதுவரை நேற்று எழுதியது. கை வலி தாங்காமல் நிறுத்திவிட்டேன்.

வெள்ளியங்கிரி இரண்டு ஆட்களோடு வந்து கோட்டைக் கேட்டான். இது யார் ரத்தம் என்று கேட்டேன். "கருப்பனாருக்குக் கெடா வெட்டுனோமுங்க பாய், தெறிச்சிருக்கும்" என்றான். ஆட்டுக்கு ஏதடா நாலு விரல் என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. இரண்டு பேர் என் கையைப் பலகையில் வைத்து அழுத்திக்கொள்ள, தோல் தட்டுகிற என் கட்டையையே எடுத்து அவன் என் வலக்கையில் இறக்கினான். மூன்று விரல் நசுங்கியது. சாயத் தொட்டியை உதைத்துக் கவிழ்த்தார்கள். கொடியில் தொங்கிய துரை கோட்டை உங்களுடையது என்று நினைத்து உருவினான். குறுக்கே வந்த மஸ்தான் பீவியைத் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். உங்களைக் கூடப்பிறந்தவராகவே நினைத்து அண்ணா அண்ணா என்று சோறு போட்டவள். நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. வைத்தியர் என் நடுவிரலை எடுத்துவிட வேண்டும் என்கிறார். இனி ஊசி பிடிப்பேனா என்று தெரியவில்லை.

செங்கோட்டையன் நல்லவன் என்று நான் சொல்லவரவில்லை. மாசியில் சங்ககிரி இறக்கத்தில் உங்கள் வண்டியை இடித்துப் பள்ளத்தில் தள்ளினான். சந்தைக்குப் போன கிழவர் ஒருவர் செத்தார். உங்கள் இடத்தோள் எலும்பு முறிந்து ஒரு அங்குலம் இறங்கிப்போனது. அதற்குத் தகுந்தபடி கோட்டின் இடத்தோளைப் பிரித்து இறக்கித் தைத்தவன் நான்தான். அன்று நீங்கள், "அவனை விடமாட்டேனுங்க பாய்" என்றீர்கள். கோபத்தில் பேசுகிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே பட்டன் தைத்தேன்.

ஆனால் சடையன் என்ன பாவம் செய்தான்? ஸ்டேஷனில் அவன் கால் நகம் ஒன்று மிச்சமில்லை என்கிறாள் காளியாத்தாள். பாதத்தில் அடித்து அடித்து நிற்க முடியாமல் ஆக்கி, ஆமாம் நான்தான் என்று சொல்ல வைத்துவிட்டார்கள். அவளைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. "எங்க மொதலாளி ஊர்ல இருந்தாருன்னா என் பையனை இப்படி உட்ருப்பாருங்களா சாமி, அவருக்கு ஒரு காயிதம் போடுங்க" என்று என்னிடமே அழுதாள். அந்தக் காகிதம்தான் இது.

ஆடிப்பெருக்கு கழிந்து வருகிற திங்கட்கிழமை செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை. தூக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அன்று காலை கோட்டோடு நான் கோர்ட்டுக்குப் போவேன். சடையனுக்குப் போட்டுப் பாருங்கள் என்பேன். பூஞ்சை உடம்புக்காரன், கோட்டு அவன் முழங்காலுக்கு வரும். பிறகு அந்த இடத்தோளைக் காட்டுவேன். இந்த ஜில்லாவில் அந்தத் தையல் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பொருந்தும்.

அதற்கு முன்னால் நீங்களே வந்துவிடுங்கள். நான் போய்ச் சொல்வதும் நீங்களே வந்து சொல்வதும் ஒன்றா? உங்களைக் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் அண்ணா. ஆட்டையாம்பட்டியில் மஸ்தான் பீவி பிள்ளை வலியில் துடித்தபோது, இருபத்திரண்டு பேரை நடுரோட்டில் இறக்கிவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்தவர் நீங்கள். வஹீதா மூச்சு விடுவது உங்களால். ஒரு உயிரைக் கொடுத்தீர்கள், ஒன்றை எடுத்தீர்கள். மூன்றாவது உயிரும் உங்கள் கணக்கில் போகக்கூடாது.

கோட்டு எங்கே இருக்கிறது என்று எழுத மாட்டேன். எனக்கு ஏதாவது ஆனால் மஸ்தான் பீவி எடுத்துக்கொண்டு போவாள். இதைப் படித்துவிட்டு நீங்கள் வெள்ளியங்கிரியை மறுபடியும் அனுப்புவீர்கள் என்று அவள் பயப்படுகிறாள். அண்ணன் அப்படிச் செய்யமாட்டார் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதீர்கள்.

ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டால் வஹீதா இன்னும் வாசலுக்கு ஓடுகிறாள். பெரியப்பா வண்டி என்கிறாள்.

ஆண்டவன் உங்கள் மனதை இளக்கி, நல்லபடியாகச் சேலத்தில் கொண்டுவந்து இறக்கட்டும். நேராக என் வீட்டுக்கு வாருங்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சேர்ந்தே போவோம். கோட்டை என் இடக்கையால் நானே உங்களுக்குப் போட்டுவிடுகிறேன். உங்களுக்காகத் தைத்தது அண்ணா, வேறு யார் தோளிலும் அது உட்காராது.

என்றும் உங்கள் தம்பி,
கரீம் பாஷா