ஒற்றைச் சிறகுக் கருடன்

என் அப்பாவுக்கு, கோபம் இன்னும் தீராத உங்கள் சின்னவன் அன்போடு எழுதுவது.

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீங்கள் இருந்தபோது நான் பேசவில்லை. நீங்கள் போன அன்றும் வந்தவர்களிடம் அண்ணன்தான் பேசினார். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது உங்கள் படங்களைப் பற்றிச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

எம்.ஏ. படித்தவன் என்ன செய்கிறேன் தெரியுமா? வாத்தியார் வேலைக்குக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறேன். பழைய போட்டோவில் கீறலை அழிப்பேன். இறந்துபோனவர்களுக்குக் கோட்டு மாட்டிவிடுவேன். உயிரோடு இருந்தபோது துண்டு மட்டும் போட்டுத் திரிந்தவர்கள் கூட என் கடையில் கோட்டோடுதான் சுவருக்குப் போகிறார்கள்.

உங்கள் கருடசேவைப் படங்களைப் புத்தகமாகப் போடவேண்டும் என்று பெங்களூரிலிருந்து அண்ணன் போன் செய்தார். பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டரான நீங்கள், வருஷா வருஷம் வைகாசியில் விடியற்காலைக் கூட்டத்தில் நின்று கருடன்மேல் வரும் பெருமாளைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்த கையோடு உட்கார்ந்து வரைந்த படங்கள். அட்டையில் தொகுப்பாசிரியராக அண்ணன் பெயர். வேலை என்னுடையது. என் பெயரும் எங்காவது வருமா என்று கேட்டேன். “ஸ்கேன் எடுத்தவன் பேரெல்லாம் எவன்டா போடுவான்?” என்றார்.

அந்தக் கடுப்போடுதான் ஆரம்பித்தேன். என் ஸ்கேனரில் உங்கள் தாள் அடங்கவில்லை. ஒவ்வொன்றையும் பாதி பாதியாக எடுத்து, கோடு பிசகாமல் ஒட்டினேன். தாளில் ஏறியிருந்த மஞ்சளை இறக்கினேன். பூச்சி அரித்த ஓட்டைகளைப் பக்கத்து நிறத்தை எடுத்து அடைத்தேன். மங்கிக் கிடந்த குங்குமச் சிவப்பு திரையில் எழுந்து வந்தபோது, கூப்பிட்டுக் காட்ட ஆள் தேடினேன். உங்களைத்தான் தேடினேன் போலிருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு படத்திலும் எங்கோ ஓர் இடம் வெறும் தாளாக இருந்தது. ஒன்றில் குடையின் கீழே கொஞ்சம். ஒன்றில் திருவடிப் பக்கம். இன்னொன்றிலோ கருடனின் ஒரு சிறகே இல்லை. சிறகும் கையும் இருக்கவேண்டிய இடம் முழுக்க வெள்ளை. மழை ஒழுகிக் கழுவிவிட்டதோ என்று நினைத்தேன். அல்லது வழக்கம்போல நீங்கள் முடிக்காமல் விட்டதாக இருக்கும். நீங்கள் எதையும் முடிக்காதவர் என்பது என் பழைய புகார்.

அண்ணனிடம் சொன்னேன். “ரொப்பிடுடா. அதுக்குத்தானே கம்ப்யூட்டர் வெச்சிக்கினு ஒக்காந்திருக்கிற?” என்றார்.

நிரப்பினேன். இருந்த சிறகை நகலெடுத்து, திருப்பிப் போட்டு, அடுத்த பக்கம் ஒட்டினேன். ஒட்டிய தடம் தெரியவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

படங்களைப் பார்க்க அக்கா செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் ஏறி வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தவள், அந்தப் படத்தில் நின்றாள்.

“இது யாருடா போட்டது?”

“அப்பாதான். வேற யாரு?”

“போடா. அப்பா கையில ரெண்டு பூவே ஒரே மாதிரி வராது. ரெண்டு றெக்க மட்டும் அச்சு அடிச்ச மாதிரி வந்துடுமா? இங்க வெள்ளையா இருக்கும்டா. எனக்குத் தெரியாது?”

“பெயின்ட் போயிருந்துச்சுக்கா.”

“பெயின்ட்டு எங்கடா போச்சு, அங்க போட்டாத்தானே போறதுக்கு? கண்ணால பாக்காதத அப்பா போடவே மாட்டாரு. கொடை புடிக்கிறவன் மறைச்சா அந்த எடத்த அப்படியே வுட்டுடுவாரு. நீ ஆஸ்டல்ல இருந்த, உனக்கு எங்க தெரியப்போவுது.”

“றெக்கைய யாரு மறைச்சது?”

அக்கா சிரித்தாள். “நீதான். தோள்ல ஒக்காந்தா பின்னால வுழுந்துடுவேன்னு ஊரக் கூட்டின. முன்னாலதான் தூக்கணுமாம் தொரைக்கு. ரெண்டு கையாலயும் ஒசர தூக்கிப் புடிச்சிக்கினே நின்னாரு. நான் அவரு சட்டையப் புடிச்சிக்கினு நின்னேன். உன் முதுகத் தாண்டி என்னா தெரிஞ்சிதோ, அதான் அந்தப் படம்.”

அவள் போனபின் நான் ஒட்டிய சிறகை அகற்றிவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பென்சில் கோடு கூட அந்த விளிம்பு வரை வந்து நின்றுவிடுகிறது. விளிம்பு ஒரு சின்னத் தலையைச் சுற்றி வளைந்து, தோளாக இறங்குகிறது. எத்தனை நாள் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஏன் தெரியவில்லை அப்பா?

வெள்ளை அப்படியே இருக்கும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

“அறிவிருக்குதாடா? ஒத்த றெக்க கருடன எவன்டா பாப்பான்?” என்று கத்தினார். கொஞ்ச நேரம் கழித்து அவரே திரும்பக் கூப்பிட்டார். “சரி, உன் பேரையும் அட்டையில போட்டுடறேன். அதமட்டும் ரொப்பிக் குடு.”

அவருடைய பெயருக்குப் பக்கத்தில் என் பெயர். சின்ன வயதிலிருந்து நான் கேட்டது அதுதானே? வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

“பேர் வேணாம். நிரப்பவும் மாட்டேன்,” என்றேன்.

“எப்படியோ போ,” என்று வைத்துவிட்டார். ஒற்றைச் சிறகோடு சிடி அச்சகத்துக்குப் போய்விட்டது.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அண்ணனை வீட்டில் வைத்துக்கொண்டு, என்னை மட்டும் ஏன் ஆறாம் வகுப்பில் விடுதியில் விட்டீர்கள்? அக்காவுக்கும் தெரியவில்லை. உங்களுக்கு என்மேல் பிரியம் இல்லை என்று நானாக ஒரு காரணத்தைப் போட்டு வைத்திருந்தேன். அதை நான் கண்ணால் பார்க்கவில்லை. எடுத்துவிடுகிறேன். கோபம் இருக்கட்டும், அது நான் பட்டது.

வருகிற வைகாசியில் கூட்டத்தில் போய் நிற்பேன். எனக்கு முன்னால் எவனாவது பிள்ளையைத் தூக்கிப் பிடித்தால், தள்ளிப் போ என்று சொல்லமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இதை நம் ஊர் மாதப் பத்திரிகைக்கு எழுதினேன். பெயர் போட்டால் அண்ணனுக்குச் சொன்ன பதிலாகிவிடும். உங்களுக்கு எழுதிய கடிதமாக இருக்காது. பெயரில்லாத கடிதத்தைப் போடுவார்களோ, குப்பையில் எறிவார்களோ, தெரியவில்லை. கையெழுத்து இல்லாமலேதான் தபால் பெட்டியில் போடப்போகிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் முன்னால் தூக்கிப் பிடித்த பிள்ளை