வெள்ளிக்கிழமை கப்பல் வரவில்லை

டலிசாய்,

சோறு பானையில் இருக்கிறது. கருவாட்டைப் பூனைக்கு எட்டாமல் மூடி வைத்திருக்கிறேன். பள்ளிக்குப் போகும்போது சாவியை அடுத்த வீட்டு பெலென் அத்தையிடம் கொடு.

வாசிப்பு மாதம் என்று இந்த நவம்பர் முழுக்க உங்கள் பள்ளி நூலகத்தில் தினமும் ஏதாவது நடக்கிறது. வேடம் போட்டதையும் கதை எழுதியதையும் ஓடி வந்து சொன்னாய். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பேச்சே இல்லை. "காவலாளி மாமாதான் உங்களுக்குப் பதிலா வாசிச்சாரு. உங்களுக்குக் கப்பல் மூட்டைதானே பெருசு" என்று மட்டும் சொன்னாய்.

அன்றைக்குக் கப்பல் வரவில்லை. பெற்றோர் வாசிக்கும் நாளென்று சட்டை மாற்றி நூலக வாசல்வரை வந்தேன். உள்ளே ஒரு தாய் தண்ணீர் ஓடுவதுபோல் வாசித்தாள். நான் எழுத்துக்கூட்டினால் உன் தோழிகள் சிரிப்பார்கள் என்று திரும்பிவிட்டேன். காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நீ புத்தகத்தோடு உட்கார்ந்திருந்ததைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் போனேன். கப்பலில் மூட்டை இறக்கப் போனேன் என்று உன்னிடம் பொய் சொன்னதும் என் தப்பு.

இன்னொரு நாள் வந்து வாசிக்கலாமா என்று நேற்று டீச்சரிடம் கேட்டேன். "மாசக் கடைசில வாங்க, மெதுவா வாசிச்சாலும் புள்ளைங்க கேக்கும்" என்றார்.

அப்பா

அன்றைக்கு உன் கையில் இருந்த புத்தகத்தை டீச்சரிடம் வாங்கி வந்திருக்கிறேன். நான்கு பக்கம் வாசிக்க வந்துவிட்டது, ஐந்தாவதில் நிற்கிறேன். சாயங்காலம் நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்டினால் போதும்.