வாசல் வரை வந்த கரண்ட்

பீரோவின் கீழ்த்தட்டைத் துடைக்கும்போது உங்கள் பட்டை ஒன்று கையில் ஒட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே ஒட்டுவோமே, அந்தச் சின்ன வெள்ளைப் பட்டை. பசை காய்ந்தும் ஆஸ்பத்திரி வாசனை போகவில்லை. உங்கள் கால் முடி ஒன்று அதில் இருந்தது. துடைத்த துணியைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பார்க்கின்சன் வந்த பிறகு உங்களுக்கு இருந்தது ஒரே ஆசைதான். யார் கையையும் பிடிக்காமல் படகு ஜெட்டிப் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு சாயா குடிக்க வேண்டும். மட்டாஞ்சேரி பண்டகசாலைகளில் காலமெல்லாம் மிளகு மூட்டை சுமந்த கால்கள், தரையைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தன. ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு சின்னப் பெட்டியை உங்கள் காலில் கட்டினாள். குதிகாலைத் தூக்கினால் ஷூவுக்குள் இருக்கும் சுவிட்ச் வேலை செய்யும். பட்டை வழியாக நரம்பில் கொஞ்சம் மின்சாரம் பாய்ந்து பாதம் மேலே எழும்.

"பேடிக்கண்டா சேட்டா. இது நோயை மாத்தாது. கால் தூக்க மட்டும் சகாயிக்கும்," என்று மலையாளம் கலந்து தைரியம் சொன்னாள்.

நீங்கள் விடுவீர்களா? "நடு ரோட்டுல கரண்ட் போச்சுன்னா நான் அங்கேயே நிக்கணுமா மோளே?" என்று கேட்டு அவளைச் சிரிக்க வைத்தீர்கள்.

கொஞ்ச நாளிலேயே தனியாகப் போய்ச் சாயா குடித்துவிட்டு வந்தீர்கள். நான் பின்னால் ஒளிந்து ஒளிந்து வந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடந்தீர்கள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஆனால் வாசலில் ஷூவைக் கழற்ற வேண்டுமே! ஷூ போனால் சுவிட்சும் போச்சு. வெறுங்காலோடு நிலைப்படியில் நின்றதும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு புது ஜோடி வாங்கி வந்தேன். "சாமி விளக்கு எரியற வீட்டுல செருப்புக் காலோட நடக்கவா? நீ வேற," என்று ஓரமாகத் தள்ளிவிட்டீர்கள். உங்கள் பிடிவாதத்தோடு யார் மல்லுக்கட்டுவது?

அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணே வேறு வழி சொன்னாள். உங்கள் கால் ஒட்டிக்கொள்ளும்போது நான் என் பாதத்தைக் குறுக்கே வைக்க வேண்டும். அதைத் தாண்டப் பார்த்தால் கால் எழுமாம். எழத்தான் செய்தது. ஆனால் உங்கள் கால் என் மேல் பட்டுவிட்டால் உடனே குனிந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பார்ப்பீர்கள். மூட்டையில் கால் பட்டாலே தொட்டுக் கும்பிட்ட ஆளாயிற்றே.

"குனியாதீங்க, விழுந்துடுவீங்க! நான் உங்க பொண்டாட்டிதானே, என்ன இப்போ?" என்று கத்துவேன்.

"கை தானாப் போகுதுடி," என்பீர்கள்.

அன்றைக்கும் அப்படித்தான். சாயா குடித்த சந்தோஷத்தோடு வந்தீர்கள். ஷூவைக் கழற்றினீர்கள். என் பாதத்தைத் தாண்டும்போது விரல் பட்டது, குனிந்தீர்கள். உங்கள் கை என் காலைத் தொட்டது எனக்குத் தெரிந்தது. நான் பிடிப்பதற்குள் விழுந்துவிட்டீர்கள். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானீர்கள். பிறகு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு இழுத்த அந்தக் கடைசி நாட்களில் கட்டில் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு எதுவும் என் கையில் இல்லை. எந்தச் சாமி மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

போன வாரம் எறணாகுளம் போகும் படகில் நல்ல கூட்டம். பக்கத்தில் நின்ற வயதானவர் ஒருவர் என் காலை மிதித்துவிட்டார். நம் தமிழ் ஆள் போலிருக்கிறது. "அய்யோ, மன்னிச்சுக்கம்மா" என்று தொட்டுக் கும்பிடக் குனிந்தார்.

"குனியாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் படகே திரும்பிப் பார்த்தது. பாவம், அந்த மனிதர் பயந்துபோய் நிமிர்ந்தார். அவர் தோள்களை நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். "விடும்மா, நான் விழமாட்டேன்," என்று அவர் சொன்ன பிறகும் என்னால் விட முடியவில்லை.