மதிலுக்கு வெளியே நின்ற கூடைப்பந்து மாஸ்டர்

அனுப்புநர்:
றாபியா நஜீம்,
கடற்கரை வீதி,
மருதமுனை.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம்,
கல்முனை.

விடயம்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் எம்.எல். நஜீம் மீதான பொலிஸ் முறைப்பாட்டை மீளப்பெறச் செய்தலும், அவர் கூடைப்பந்தாட்டம் பயிற்றுவிக்க அனுமதி கோரலும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் மேற்படி ஆசிரியரின் மனைவி. நூறுன்னிஸா பெண்கள் மகா வித்தியாலயத்தில் கூடைப்பந்தாட்ட அணியை உருவாக்கியவர் அவர். அதற்கு முன் அங்கு திடலுமில்லை, பந்துமில்லை. பெண்பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு எதற்கென்று கேட்ட வீடுகளுக்கெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "உங்கட புள்ளையோட என்ட பொஞ்சாதியும் வருவா" என்பதே அவர் கொடுத்த உத்தரவாதம். அன்றிலிருந்து பயிற்சிக்கும் வெளியூர்ப் போட்டிகளுக்கும் நானும் போனேன். பதுளைக்குப் போன வேனில் வாந்தியெடுத்த பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்தவளும் நான்தான்.

2. கடந்த வருடம் அவர் ஓய்வுபெற்றார். அப்போதைய அதிபர் கேட்டுக்கொண்டதால் தொடர்ந்தும் பழக்கினார். இவ்வருடம் வந்த புதிய அதிபர், வெளியாட்கள் உள்ளே வரக்கூடாதென்று நிறுத்திவிட்டார். சட்டம் அதுவென்றால் நான் குறை கூறவில்லை. ஆனால் வேறெவரையும் நியமிக்கவுமில்லை. மாகாணப் போட்டி நெருங்க, பிள்ளைகள் தாங்களாகவே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

3. ஐயா, அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்தால் ஹோலுக்கும் கேற்றுக்குமாக நடப்பார். நன்றாக ஓடிய மின்விசிறியைக் கழற்றினார், இன்னும் பூட்டவில்லை. பாடசாலையில் பந்து தட்டும் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். "கால் பிந்துது, கால் பிந்துது" என்று தன்பாட்டில் கதைப்பார். கடைசியில் ஒருநாள், நான் தடுத்தும் கேளாமல், சைக்கிளில் போய் மதிலோரம் வீதியில் நின்றபடி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

4. அணித்தலைவி மர்ஷூதா எதிராளியின் கையைப் பார்த்து ஏமாறுவதைக் கண்டு, "பந்தப் பாக்காதீங்க புள்ள, அவட இடுப்பப் பாருங்க!" என்று கத்தியிருக்கிறார். கையும் தலையும் பொய் காட்டும். ஆள் எந்தப் பக்கம் பாய்வாள் என்பதை இடுப்புத்தான் காட்டும். தடுத்து ஆடப் பழகும் எவருக்கும் இது முதற்பாடம். வீதியால் போன யாரோ இதை வேறுவிதமாக விளங்கி அதிபரிடம் கூற, அவர் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல், பெண்கள் பாடசாலை மதிலில் நின்று தகாத வார்த்தை பேசியதாகப் பொலிஸில் முறையிட்டார்.

5. பொலிஸார் அழைக்க இருவரும் போனோம். நிலைய வாங்கில் என் கணவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். விளக்கம் கேட்டபோது 'இடுப்பு' என்ற அந்தச் சொல்லே அவர் வாயில் வரவில்லை. நான்தான் எழுந்து, அபாயாவோடு முழங்கால் மடித்துக் கைகளை விரித்து, எப்படித் தடுப்பதென்று ஆடிக் காட்டினேன். பொறுப்பதிகாரி சிரிக்கவில்லை. "விளங்குது, கூட்டிட்டுப் போங்க" என்றார். ஆயினும் முறைப்பாடு அப்படியே இருக்கிறது.

6. மர்ஷூதாவின் தாய் றுஸ்னா ஏனைய தாய்மாரோடு எங்கள் வீட்டுக்கு வந்து, "மாஸ்டர் வராட்டி எங்கட புள்ளையள நாங்க அனுப்ப மாட்டம்" என்றார். என் கணவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. பள்ளிவாசலுக்கும் இப்போது பாடசாலை வீதியை விட்டுக் கடற்கரையால் சுற்றித்தான் போகிறார்.

ஆகவே, முறைப்பாட்டை அதிபர் மீளப்பெறவும், முன்போல் நான் திடலில் இருக்க என் கணவர் பயிற்சியளிக்கவும் எழுத்தில் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். இயலாதெனில், எங்கள் இருவரையும் அழைத்து, அவர் செய்த குற்றம் இன்னதென்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். "றாபியா, நான் என்னகா பிழ செஞ்சன்?" என்று தினமும் என்னிடம் கேட்கிறார். ஒன்றுமில்லை என்கிறேன். என் சொல் அவருக்குப் போதவில்லை, ஐயா.

இவ்வண்ணம்,
றாபியா நஜீம்
(ஒப்பம்)

மருதமுனை
12.06.2025