சாரல்மலை டாட் இன்

30 செப்டம்பர் 2024, திங்கள். குன்னூர்

சாரல்மலை டாட் இன் என்ற இணையப் பெயர் பயன்பாட்டில் இல்லை. ஆதாரம்: காலை, மதியம், மாலை மூன்று முறை நானே திறந்து பார்த்தேன். வெள்ளைப் பக்கம். பெயரை வைத்திருப்பவர் அரவேணுவில் ஜெராக்ஸ் கடை நடத்தும் விஜயா. ஆதாரம்: ராஜப்ரியா தேடியெடுத்த பழைய பதிவு மெயில்.

ராஜப்ரியா கோவையில் இருந்தபடி எங்கள் செய்தித் தளத்தின் கணினி வேலையைப் பார்த்துக்கொள்கிறாள். சாரல்மலை வார இதழாக வந்தபோது பக்கம் போட்டவள். விஜயா அப்போது இதழின் அரவேணு ஏஜெண்ட். 2011இல் ஆசிரியர் அவர் கடையில் உட்கார்ந்து, அவர் பேரிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். 2016இல் இதழ் நின்றது. ஆசிரியரும் போய்விட்டார். பெயர் விஜயாவிடம் தங்கிவிட்டது.

எங்கள் தளத்தின் இப்போதைய முகவரியை ஒரு மூச்சில் சொல்ல முடியாது. ஜூலை மழையில் எந்தப் பாதை அடைப்பு, எது திறப்பு என்று விசாரித்துப் போட்டோம். ஐம்பது பேர் பார்த்திருந்தால் அதிகம். வாட்ஸ்அப்பில் வந்த பொய்யை நம்பிக் குந்தாவுக்கு பஸ் ஏறியவர்கள் பாதி வழியில் நின்றார்கள். சாரல்மலை என்றால் இந்த மலையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் இருபத்தாறு வருஷம் எழுதிய பெயர். ஜனவரி 1 அன்று அதில் தொடங்க வேண்டும். வயது அறுபத்து மூன்று. இதற்கு அப்புறம் இன்னொன்றைத் தொடங்கத் தெம்பு இருக்காது.

3 அக்டோபர், வியாழன்

விஜயாவுக்குப் போன் செய்தேன். "அது விக்கறதுக்கில்லைங்க" என்று வைத்துவிட்டார்.

9 அக்டோபர், புதன்

இரண்டு செய்தி அனுப்பினேன். படித்திருக்கிறார், பதில் இல்லை. விலையை ஏற்றுகிறார் போலிருக்கிறது.

ராஜப்ரியா சொல்வது: பதிவு நவம்பர் 18இல் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் கொஞ்ச நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். "பேசாம இருங்க சார், தானா வந்து சேரும்."

மழை விடவில்லை. முட்டி வலி. பேசாமல் இருப்பது எனக்கும் சௌகரியமாகத்தான் இருக்கிறது.

20 அக்டோபர், ஞாயிறு

பொறுக்கவில்லை, கிளம்பிவிட்டேன். இரண்டு பஸ் மாறி அரவேணு போய்ச் சேர மணி பதினொன்று.

சின்னக் கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர். ஞாயிறு எஸ்டேட்டுக்கு லீவு என்பதால் வெளிப் பெஞ்சில் ஏழெட்டு பேர், கையில் சந்தைப் பை. சுவரில் குறுக்கே ஒரு கயிறு, அதில் துணி கிளிப் மாட்டி வரிசையாக மடித்த காகிதங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். விஜயா கிளிப்பைக் கழற்றி எடுத்து, கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஸ்டூல் காட்டினார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். இருநூற்றுப் பதினாலு மெயில் முகவரிகள். எல்லாம் சாரல்மலை டாட் இன் என்று முடிபவை.

அவர் சொன்னது: 2013இல் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் மூடியது. நிலுவைத் தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மெயில் முகவரி போடாமல் படிவம் நகராது. முதல் ஆளுக்குத் தன் முகவரியைப் போட்டார். இரண்டாவது ஆளுக்குப் போட்டால், இது ஏற்கெனவே பதிவானது என்று படிவம் திருப்பிவிட்டது. யாரிடமும் மெயில் இல்லை, பாதிப் பேரிடம் போனே இல்லை. இதழின் பெயர் கையில் இருந்தது. அதில் ஆளுக்கு ஒன்று உண்டாக்கினார். அப்புறம் பென்ஷன், பிள்ளைகளின் காலேஜ், பாஸ்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் அதே முகவரிதான். பதினோரு வருஷமாக மெயில் வந்துகொண்டிருக்கிறது, அச்செடுத்துக் கயிற்றில் மாட்டி வைக்கிறார். பக்கம்தான் வெள்ளை.

யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்தேன் என்றேன்.

"ஏனுங்க, முப்பது வருசம் நிருபரா இருந்திருக்கறீங்க. கதவு சாத்தியிருந்தா ஊட்ல ஆளில்லைன்னு எழுதிப்போடுவீங்களா?"

பெஞ்சில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: இடது கண் மங்கிவிட்டது. மகள் திருப்பூருக்கு வரச் சொல்கிறாள். நவம்பரோடு கடையை மூடுகிறார். "இதைய எங்க வெச்சுட்டுப் போறதுன்னு தெரியாமத்தான் உங்களுக்குப் பதில் போடலைங்க."

21 அக்டோபர், திங்கள்

திருத்தம். செப்டம்பர் 30 குறிப்பில் 'பயன்பாட்டில் இல்லை' என்றது தவறு. முன்வாசலை மட்டும் பார்த்து எழுதியது. அக்டோபர் 9 குறிப்பில் 'விலையை ஏற்றுகிறார்' என்றதற்கு ஆதாரமே கிடையாது. அது என் புத்தி.

இன்னொன்று. பேசாமல் இருந்து நானே அதை எடுத்திருந்தால்? இருநூற்றுப் பதினாலு பேரின் கடிதங்கள் ஒருநாள் நின்றிருக்கும். ஏன் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது.

24 அக்டோபர், வியாழன்

ராஜப்ரியா வழி சொல்லிவிட்டாள். பக்கம் வேறு, மெயில் வேறு. பக்கத்தில் நம் செய்தியை ஏற்றலாம், மெயில் அதுபாட்டுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்க் கடிதங்களைக் கொடுத்துவிட்டால் போதும். நிம்மதி. விஷயம் முடிந்தது.

27 அக்டோபர், ஞாயிறு

முடியவில்லை.

விஜயாவுக்குச் சம்மதம்தான். பெஞ்சில் இருந்தவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார். சொன்னேன். கருப்பம்மாள் என்று ஒருவர், அறுபதை ஒட்டிய வயது, மூடிய அந்த எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். கணவர் கந்தனுக்கு வர வேண்டிய தொகைக்கு இன்னும் அலைகிறார். எஸ்டேட் ஏட்டில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் வேறு தேதி. தொகை வருவதற்குள் கந்தன் இறந்துவிட்டார். கருப்பம்மாள்தான் எழுந்து கேட்டார்.

"பேப்பர்ல சம்பள ரசீதப் போட்டது நீங்கதானே?"

எந்த ரசீது என்றேன்.

"ஸ்ட்ரைக் நேரத்துல. பேரு தெரியிற மாதிரி. மறுநாளே எஸ்டேட் தொரை கூப்புட்டு வுட்டாரு. மூணு மாசம் எங்கூட்டுக்காரருக்கு வேலையில்ல."

எனக்கு ஞாபகம் இல்லை. அதை அப்படியே சொன்னேன்.

"எங்களுக்கு இருக்கு. பேப்பர்காரர் கையில எங்க கடுதாசியா? வேண்டாங்க."

மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

31 அக்டோபர்

தீபாவளி. எங்கும் போகவில்லை.

4 நவம்பர், திங்கள்

பைண்டு செய்த இதழ்களைப் பரணில் இருந்து இறக்கினேன். 2012, ஆகஸ்ட் இரண்டாம் வாரம், மூன்றாம் பக்கம். ரசீதின் படம் நான்கு பத்தி அகலம். கந்தன், டிவிஷன், சீட்டு எண் எல்லாம் கண்ணாடி போடாமலே தெரிகிறது. கூலியைக் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று நிரூபிக்கப் போட்டது. செய்தியில் ஒரு எழுத்து தப்பில்லை. படக்குறிப்பும் என் எழுத்து.

பெயரின் மேல் ஒரு கறுப்புக் கோடு போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அந்தக் கட்டுரைக்கு ஆசிரியர் முதுகில் தட்டினார். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

10 நவம்பர், ஞாயிறு

அரவேணு. பெயரை என் பேருக்கு வாங்கிக்கொள்கிறேன், ஆனால் செய்தி எதுவும் அதில் போட மாட்டேன் என்றேன். பக்கம் வெள்ளையாகவே இருக்கும். ஒவ்வொருவர் முகவரியும் அவரவர் பிள்ளைகளின் மெயிலுக்கு மாறும்வரை ஞாயிறுதோறும் வந்து அச்செடுத்துக் கொடுப்பேன்.

"படிக்க மாட்டீங்களா?" என்றார் கருப்பம்மாள்.

பெயர் தெரியும் அளவுக்குத்தான் பார்ப்பேன், மடித்துத்தான் தருவேன் என்றேன்.

"பாப்போம்."

ராஜப்ரியாவுக்குக் கோபம். "அப்ப எதுக்கு சார் அந்தப் பேர வாங்கறோம்?" நல்ல கேள்வி. ஜனவரிக்கு வேறு பெயர் பார் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

16 நவம்பர், சனி

சாரல்மலை டாட் இன் புதுப்பிக்கப்பட்டு என் பேருக்கு மாறியது. புதுப்பிக்கும் கட்டணத்துக்கு மேல் ஒரு பைசா வாங்க விஜயா மறுத்துவிட்டார். கயிற்றையும் கிளிப்புகளையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். "இதுகளுக்கு ரிஜிஸ்ட்ரேசன் வேண்டாமுங்க" என்றார்.

1 டிசம்பர், ஞாயிறு

கடை பூட்டியிருக்கிறது. பக்கத்துத் தையல் கடை எல்லப்பன் ஒரு மேஜை கொடுத்தார். கயிறு கட்டினேன். பதினேழு கடிதம், வந்தவர்கள் நான்கு பேர். கருப்பம்மாள் வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இதெல்லாம் இந்த வயதில் தேவையா?

1 ஜனவரி 2025, புதன்

'மேடுபள்ளம்' தொடங்கியது. ராஜப்ரியா வைத்த பெயர். முதல் செய்தி உறைபனியில் கருகிய தேயிலை. மாலைக்குள் நூற்றுத் தொண்ணூறு பேர் பார்த்திருக்கிறார்கள். அது எந்தப் பேப்பர் என்று கேட்டு மூன்று போன்.

19 ஜனவரி, ஞாயிறு

கடிதம் இருபத்து மூன்று. வந்தவர்கள் பதினெட்டு பேர். கருப்பம்மாள் வந்தார். கயிற்றில் இருந்து அவரே கழற்றி, பிரிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். மடிப்பை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

மடிப்பது பழகிவிட்டது. படிக்காமல் இருப்பது பழகவில்லை. கண் தானாக இரண்டாம் வரிக்குப் போகிறது, இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

2 பிப்ரவரி, ஞாயிறு

காய்ச்சல். போகவில்லை. மதியம் எல்லப்பன் போன்: "ஆளுக வந்து காத்துட்டு இருக்கறாங்க, என்னனு சொல்லட்டுமுங்க?"

2 மார்ச், ஞாயிறு

இன்றைய நிலவரம், என் பட்டியல்படி: இருநூற்றுப் பதினாலில் நூற்று முப்பத்தொன்பது முகவரிகள் மாறிவிட்டன. மீதி எழுபத்தைந்து.

கருப்பம்மாள் கடைசியாக வந்தார். கடிதத்தை எடுத்தார், பைக்குள் வைக்கவில்லை. எல்லப்பன் பட்டன் தைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் மேஜையில் வைத்தார்.

"கண்ணாடி கொண்டாரல. படிச்சுச் சொல்லுங்க."

கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது.

பிரித்துப் படித்தேன். பிறந்த தேதி குறித்த உறுதிமொழிப் பத்திரம் ஏற்கப்பட்டது. கந்தனின் வாரிசுக்குத் தொகை வழங்கும் உத்தரவு ஏப்ரல் 15க்குள் அனுப்பப்படும்.

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்றேன்.

"அன்னைக்கும் வரலைன்னா?"

நானே அலுவலகத்துக்குப் போய்க் கேட்கிறேன் என்றேன்.

"கேளுங்க. பேப்பர்ல எழுதாம கேளுங்க."

சரி என்றேன். கடிதத்தை மடித்துக் கொடுத்தேன்.

நிலுவை: எழுபத்தைந்து முகவரிகள், எப்போது முடியும் என்று தெரியவில்லை. கருப்பம்மாளின் உத்தரவு, ஏப்ரல் 15, செவ்வாய்க்கிழமைக்குள்.